அச்சத்தைப் படம்பிடித்தவர்கள்

தமிழ்க் குடும்பம் எந்த வெளியூருக்குப் பெயர்ந்து சென்றாலும், எத்துணைச் சிறிய குவார்ட்டர்ஸில் குடியேறினாலும், கூடத்துச் சுவரில் அடிக்கும் முதல் ஆணி சுவாமி படத்திற்கு. இரண்டாவது ஆணி பெரும்பாலும் காலஞ்சென்ற பெரியவர் ஒருவரின் படத்திற்கு. சந்தனப் பொட்டும் குங்குமமும் இட்டு, வாடாத பிளாஸ்டிக் மாலை சூட்டி, மேலே சிறு சிவப்பு விளக்கு ஒன்றையும் பொருத்திவிடுகிறோம். அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று விசாரித்துப் பாருங்கள். உயிரோடிருந்த நாளில் அப்பெரியவர் தனியாகப் படம் எடுத்துக்கொண்டிருக்கவே மாட்டார். யாருடைய திருமணத்திலோ எடுத்த குழுப்படத்திலிருந்தோ, அலுவலக அடையாள அட்டையிலிருந்தோ தலையை மட்டும் பிரித்தெடுத்துப் பெரிதாக்கியிருப்பார்கள்.

நம் வீட்டிலும் அவ்வாறே நிகழ்ந்தது. நம் தந்தையார் நாகபுரியில் ரயில்வே பணியில் இருக்கும்போதே, தமது 41-ஆம் வயதில், மாரடைப்பால் காலமானார். நமக்கு அப்போது வயது 13. பத்தாம் நாள் காரியத்திற்குப் படம் வேண்டும் என்றார்கள். வீட்டில் தனிப்படம் இல்லை. அடையாள அட்டையிலிருந்த தபால்தலை அளவுப் படத்தை ஸ்டூடியோவில் கொடுத்தோம். அவர்கள் அதைப் பெரிதாக்கி, மங்கிப்போன கண்களுக்கு மை தீட்டி, கழுத்திற்குக் கீழே ஒரு கறுப்புக் கோட்டும் டையும் வரைந்து தந்தார்கள். தந்தையார் வாழ்நாளில் ஒரு நாளும் கோட்டு அணிந்ததில்லை. மே மாதத்து நாகபுரி வெயிலில் அரைக்கைச் சட்டையே அவருக்குப் பாரம். எனினும் 26 ஆண்டுகளாக அந்தக் கோட்டுக்காரரே நம் கூடத்தில் தந்தையாராக வீற்றிருக்கிறார்.

பதினெட்டு வயது நிரம்பியதும், தந்தையார் இறந்த காரணம் பற்றி, அதே அலுவலகத்தில் எழுத்தர் வேலை நமக்குக் கிடைத்தது. அவருடைய வேலை வந்தது. அவருடைய குவார்ட்டர்ஸும் ஏறக்குறைய வந்தது. மற்றது எதுவும் வந்துவிடக் கூடாதே என்னும் எண்ணம் எந்நாளில் உள்ளே புகுந்தது என்று சொல்ல இயலவில்லை. ஆனால் அதன் அடையாளம் ஒன்று உண்டு. குடும்பத்தார் படமெடுக்க நிற்கும்போதெல்லாம், "கொடுங்கள், நாம் எடுக்கிறோம்" என்று செல்போனை வாங்கிக்கொள்பவர் நாமே. மன்றத்துப் பொங்கல் விழாவிலும் அப்படியே. இதைப் பணிவு என்று அன்பர்கள் பலர் பாராட்டியதும் உண்டு.

சென்ற தீபாவளியன்று நம் மகள் படங்களைத் தேர்ந்தெடுத்து ஓர் ஆல்பம் ஒட்டிக்கொண்டிருந்தாள். நெடுநேரம் புரட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, நீங்க ஒண்ணுலயும் இல்லையே!" என்றாள். படம் எடுத்தவர் படத்தில் எப்படி இருப்பார் என்று சொல்லிச் சிரித்து மழுப்பினோம். இரவு உறக்கம் வரவில்லை. தனியாக ஒரு நல்ல படம் எடுத்துக்கொண்டால், அதுவே அந்த இரண்டாவது ஆணிக்கு உரிய படமாகிவிடும் என்று நாம் அஞ்சிக்கொண்டிருந்தோம் என்பது அன்றுதான் நமக்கே விளங்கிற்று. படமெடுத்தால் ஆயுள் குறையும் என்று ஊர்ப்பக்கத்துக் கிழவிகள் சொல்வதைக் கேட்டு நகைத்தவர்கள் நாம். மூவராக நின்று படமெடுக்கலாகாது என்பதையும் நகைத்தவர்களே.

இவ்வச்சம் நமக்கு மட்டும் உரியதன்று என்பதையும், அதைக் காமிராவைக் கொண்டே எதிர்நின்று பார்த்தவர்கள் உண்டு என்பதையும் பின்னர் நூல்கள் வாயிலாக அறிந்தோம். தம்மைத் தாமே படமெடுத்துக்கொள்ளும் வழக்கம் செல்போனோடு பிறந்ததென்று நினைக்கிறோம். அது புகைப்படக் கலையோடு கூடவே பிறந்தது. 1839-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க நாட்டுப் பிலடெல்பியா நகரில் ராபர்ட் கார்னீலியஸ் என்னும் விளக்கு வியாபாரியின் மகன், கலைந்த தலையோடு தம் படத்தைத் தாமே எடுத்துவிட்டார். அதற்கு அடுத்த ஆண்டு எடுக்கப்பட்ட ஒரு படமே நம் பொருளுக்கு வேண்டியது.

எடுத்தவர் ஹிப்போலித் பயார் என்னும் பிரெஞ்சுக்காரர். 1801-இல் பிறந்தவர். பாரிஸ் நகரில் நிதி அமைச்சகத்தில் எழுத்தராக இருந்தார். எழுத்தர் என்றவுடனே நமக்கு அவர்பால் ஒரு பற்று உண்டாகிவிட்டது என்பதை மறைப்பானேன்? அலுவல் முடிந்த நேரங்களில் ஆராய்ந்து, காகிதத்தின் மீது நேரே படம் விழச் செய்யும் முறை ஒன்றை அவர் கண்டுபிடித்தார். 1839-ஆம் ஆண்டின் நடுவில் தம் படங்களைப் பொதுமக்கள் பார்வைக்கும் வைத்தார். ஆனால் அரசாங்கத்தின் ஆதரவு முழுவதும் டகேர் என்பவருக்கே சென்றது. டகேரின் முறை அவ்வாண்டு ஆகஸ்டு 19-ஆம் நாள் உலகறிய வெளியிடப்பட்டது. அவருக்கு ஆண்டுக்கு 6000 பிராங்க் வாழ்நாள் ஓய்வூதியமும் வழங்கினார்கள். பயாருக்குக் கருவிகள் வாங்கிக்கொள்ள 600 பிராங்க் கிடைத்தது.

1840 அக்டோபரில் பயார் ஒரு படம் எடுத்தார். அரையில் மட்டும் துணி சுற்றி, கண் மூடி, தலை ஒருபுறம் சாய்ந்து, நீரிலிருந்து எடுத்த பிணம்போல் அவரே அமர்ந்திருக்கிறார். அக்காலத்து முறையில் படம் பதிய நெடுநேரம் பிடிக்கும். அத்துணை நேரமும் அவர் பிணமாகவே அசையாதிருந்திருக்கிறார். படத்தின் பின்புறம், இது திரு. பயாரின் சடலம், டகேருக்கு வாரி வழங்கிய அரசாங்கம் இவருக்கு ஒன்றும் செய்யாமையால் நீரில் மூழ்கி மாண்டார், பிணவறையில் பல நாள் கிடந்தும் உரிமை கோரி ஒருவரும் வரவில்லை என்னும் கருத்துப்பட எழுதிவைத்தார். முகமும் கைகளும் கறுத்திருப்பதைக்கூட, அழுகத் தொடங்கியதன் அடையாளம் என்று கேலியாகக் குறித்திருக்கிறார்.

இதைக் குறும்பு என்று தள்ளிவிடலாம். குறும்புதான். ஆயினும் அந்தக் கடைசிக் குறிப்பை மீண்டும் எண்ணிப் பாருங்கள்: உரிமை கோர ஒருவரும் வரவில்லை. சொந்த ஊரிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் குடித்தனம் நடத்தும் நாம் எத்தனை பேர், நள்ளிரவில் விழித்துக்கொண்டு, நமக்கு ஒன்று நேர்ந்தால் தூக்க நான்கு பேர் வருவார்களா என்று கணக்குப் பார்த்ததில்லை? இந்நகர்த் தமிழ்ச் சங்கங்கள் பலவும் பொங்கல் விழாவிற்காகத் தொடங்கியவை என்று சொல்லிக்கொள்கிறோம். பழைய உறுப்பினர்களைக் கேட்டால் வேறு காரணம் சொல்வார்கள்.

பயார் தாம் அஞ்சிய முடிவைத் தாமே நடித்துப் படமாக்கிவிட்டு, எழுந்து, முகம் கழுவிக்கொண்டு மீண்டும் வேலைக்குச் சென்றார். அதன்பின் மேலும் ஏறத்தாழ 47 ஆண்டுகள் வாழ்ந்தார். 1851-இல் பிரெஞ்சு அரசாங்கமே பழைய கட்டடங்களைப் படமெடுக்க அனுப்பிய ஐவருள் அவரும் ஒருவர். 1887-இல், 86 வயதில் காலமானார்.

நம் நாட்டிலும் இத்தகையோர் உண்டு. ஓவியர் அம்ரிதா ஷேர்-கில்லின் தந்தையார் உம்ராவ் சிங் ஷேர்-கில் பஞ்சாபிலே செல்வக் குடியில் 1870-இல் பிறந்தவர்; வடமொழியும் பாரசீகமும் கற்றவர். புடாபெஸ்ட், சிம்லா, பாரிஸ் என்று குடும்பத்தோடு பெயர்ந்துகொண்டே இருந்தார். சென்ற இடமெல்லாம் தம்மைத் தாமே படமெடுத்தார். இளைஞராக, நூலும் கையுமாக, வெற்றுடம்போடு, நரைத்த தாடியோடு அவர் எடுத்த படங்கள் பல. 1954-இல் அவர் மறையும்வரை அந்த முகம் மூப்படைந்து வந்ததை வரிசையாகக் காணலாம். எதிலும் அவர் சிரிக்க முயன்றதாகத் தெரியவில்லை. அவர் எதற்கு அஞ்சினார் என்று அவர் சொல்லவில்லை; நாமும் ஊகிக்க வேண்டியதில்லை.

ஆனால், எதற்கு அஞ்சினேன் என்று வாய்விட்டுச் சொல்லி, அதையே தொழிலாகவும் கல்வியாகவும் ஆக்கிக்கொண்ட பெண்மணி ஒருவர் இங்கிலாந்தில் இருந்தார். ஜோ ஸ்பென்ஸ் என்பது பெயர். 1934-இல் லண்டனில் உழைப்பாளிக் குடும்பத்தில் பிறந்தார். போர்க்காலத்தில், குண்டுவீச்சுக்குத் தப்புவிக்க நகரத்துக் குழந்தைகளை வெளியூர்களுக்கு அனுப்பினார்களே, அவ்வாறு பெற்றோரைப் பிரிந்து வளர்ந்தவர். செயலாளர் வேலைக்குப் பயின்றார். பிறகு புகைப்படத் தொழிலில் இறங்கி, 1967 முதல் சில ஆண்டுகள் சொந்தமாக ஸ்டூடியோ நடத்தினார். திருமணம், குழந்தை, குடும்பம், நாடக நடிகர்களின் படங்கள் என எல்லாத் தெருவிலும் உள்ள ஸ்டூடியோக்காரர் செய்யும் வேலையே அது. எந்தக் கோணத்தில் முகவாய் மறையும், எந்த வெளிச்சத்தில் முகச்சுருக்கம் தெரியாது என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி.

இந்த வேலை செய்துகொண்டிருக்கையிலே அவருக்கு ஓர் ஐயம் பிறந்தது. நாம் வாங்கிச் செல்லும் குடும்ப ஆல்பத்தில் என்ன இருக்கிறது? திருமணம் இருக்கிறது; பிறந்தநாள் இருக்கிறது; கடற்கரை இருக்கிறது. வேலைக்குச் செல்லும் தாய் இல்லை, நோய் இல்லை, சச்சரவு இல்லை, அழுகை இல்லை. இவையெல்லாம் வாழ்வில் இல்லாமலா போயின? தம்முடைய பழைய படங்களையே எடுத்துவைத்து ஆராய்ந்து, 1979-இல் லண்டன் ஹேவர்டு கலைக்கூடத்தில் காட்சிக்கு வைத்தார். அவற்றுள் ஒன்று, எட்டரை மாதக் குழந்தையாக அவர் துணியின்றிக் கிடக்கும் படம். அதனருகே, 528 மாதங்களுக்குப் பின் என்ற குறிப்போடு, அதே கிடையில் அதே கோலத்தில் 44 வயது மாது. நம்மவர் கண்ணுக்கு இது கூச்சம் தருவதே. நமக்கும் தந்தது. ஆனால் குழந்தையின் உடம்பைக் கண்டு மகிழ்ந்து சட்டமிட்டு மாட்டுகிறவர்கள், அதே உடம்பு வளர்ந்து தளர்ந்தபின் ஏன் அஞ்சி ஒளிக்கிறோம் என்று அவர் கேட்ட கேள்விக்கு எளிதில் விடை சொல்லிவிட முடியாது.

1982-இல் அவருக்கு மார்பகப் புற்றுநோய் கண்டது. மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபோது, இளம் டாக்டர் ஒருவர் மாணவர் குழுவோடு வந்து, குறிப்பேட்டைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேளாமல் குனிந்து அவருடைய இடப்புற மார்பின்மேல் மையால் ஒரு பெருக்கற்குறி இட்டாராம். அகற்ற வேண்டிய இடத்திற்கு அடையாளம். அந்தக் குறியைக் கண்டபோது உண்டான திகிலை ஸ்பென்ஸ் பின்னாளில் விரிவாக எழுதியிருக்கிறார். மறுத்துவிட்டு, கட்டியை மட்டும் எடுக்க இசைந்தார். அறுவைக்குச் செல்லுமுன், இது ஜோ ஸ்பென்ஸின் உடைமையா என்னும் கேள்வியை அந்த மார்பின் மீதே எழுதி, தம் தோழர் டெர்ரி டென்னட்டின் துணையோடு ஒரு படம் எடுத்துக்கொண்டார். காமிராவை வார்டுக்குள்ளும் கொண்டுபோனார். டாக்டர்கள் சுற்றிவரும் காட்சியைப் படுக்கையிலிருந்தே படமெடுத்தார். கதிர்ப்படக் கருவியில் மார்பை அழுத்திவைத்திருக்கும் நிலையிலும் ஒரு படம் உண்டு. அதை எடுத்தவர் அங்குப் பணிபுரிந்த பெண்மணியே. விருப்பமின்றித்தான் எடுத்தாராம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அறுவைக்குப் பின் ஸ்பென்ஸ் சீன மருத்துவம் முதலிய வழிகளை நாடினார். அது அவர் முடிவு. இதைப் படிக்கும் சகோதரிகள் எவரும் டாக்டர் சொன்ன சிகிச்சையைத் தள்ளிப்போட அவரை முன்மாதிரியாகக் கொள்ள வேண்டாம். நாம் அவரிடம் கற்க வேண்டுவது வேறு. ஊசிக்கும் கத்திக்கும் நடுவே தாம் ஒரு பொருளாகிவிட்டோம் என்று நடுங்கிய ஒருவர், அந்த நடுக்கத்தைத் தம் கண்ணால் தாமே பார்க்க வழி தேடினார். தேடிக் கண்டும் கொண்டார்.

பின்னர் அவரும் ரோஸி மார்ட்டின் என்னும் தோழியும் சேர்ந்து ஒரு முறையை வகுத்தார்கள். படவழிச் சிகிச்சை என்று தமிழில் சொல்லலாம். ஒருவர் அமர்வார், மற்றவர் காமிராவோடு எதிரே இருப்பார், பின்பு இடம் மாறுவார்கள். முதலில் நெடுநேரம் பேச்சு. எது பற்றி நெஞ்சு படபடக்கிறது, எந்த நினைவு தொண்டையை அடைக்கிறது என்பதெல்லாம் பேசுவார்கள். அதற்குரிய துணிமணிகளையும் பொருள்களையும் தேடிக் கொண்டுவருவார்கள். பிறகு அமர்ந்தவர் அந்த வேடத்தில் வாழ்ந்து காட்ட, எதிரிலிருப்பவர் எடுத்துக்கொண்டே போவார். 'இப்படித் திரும்பு, சிரி' என்று ஏவுவது அவர் வேலையன்று; அமர்ந்தவர் எதைக் காட்டவேண்டும் என்கிறாரோ அதைக் காண்பதே வேலை. ஸ்பென்ஸ் சப்பானைச் சூப்பும் கைக்குழந்தையாக அமர்ந்தார். தலைத்துணி கட்டிய தொழிற்சாலைத் தொழிலாளியாகிய தம் தாயாராகவும் அமர்ந்தார். இளமையில் தாயாரின் தொழிலைப் பற்றிக் கூச்சப்பட்ட மகள், தாயாரின் உடையை அணிந்து, அவர் நின்றவாறு நின்று பார்த்தபோது, அதுவரை வெறுப்பு என்று எண்ணியிருந்தது இரக்கமாக மாறிற்று.

இம்முறையில் ஒரு நுட்பம் உண்டு. அஞ்சுகிறவர் ஒருவர், படத்தில் அஞ்சுபவராகத் தெரிகிறவர் ஒருவர். இரண்டும் நாமே எனினும், நடுவே ஒரு முழம் இடைவெளி விழுந்துவிடுகிறது. நெஞ்சுக்குள் இருக்கும்வரை அச்சத்திற்கு உருவமில்லை, அதனால் எல்லையுமில்லை. காகிதத்தில் வந்தபின் அதற்கு நான்கு மூலை வந்துவிடுகிறது. இருளில் நிற்கும் துணி, விளக்கை ஏற்றியவுடன் துணியாகிவிடுவது போன்றதன்று இது; சில சமயம் விளக்கை ஏற்றினால் பாம்பாகவே இருக்கும். இருப்பினும் எங்கே கிடக்கிறது என்று தெரிந்துவிடுகிறதன்றோ?

ஸ்பென்ஸின் கதை இன்பமாக முடியவில்லை. பின்னர் அவருக்கு இரத்தப் புற்றுநோய் கண்டது. எழுந்து நடமாட வலுவில்லாமற் போனபோது, தம் பழைய படங்களின்மேல் மண்டையோடு, இடிந்த சுவர் போன்ற உருவங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்து, சாவைப் பற்றியே ஒரு தொகுதி செய்தார். 1992-இல் காலமானார். கடைசி நாள்களிலும் படம் எடுத்துக்கொண்டார்.

ஜான் கோப்லன்ஸ் என்ற மற்றொருவரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1920-இல் லண்டனில் பிறந்து, அமெரிக்காவில் கலைப் பத்திரிகை ஆசிரியராக இருந்தவர். அறுபதைக் கடந்தபின், 1984-இல், தம் முதிய உடம்பைப் படமெடுக்கத் தொடங்கினார். மயிரடர்ந்த முதுகு, வெடித்த பாதம், தொங்கும் வயிறு. முகம் மட்டும் எந்தப் படத்திலும் இல்லை. மூப்பை மறைக்க ஊரெல்லாம் சாயம் பூசிக்கொண்டிருக்கையில், அவர் அதை மலையையும் பாறையையும் காட்டுவது போலப் பெரிதாக்கிக் காட்டினார். 2003-இல் மறையும்வரை அதையே செய்தார். முகம் இல்லாமையால் அந்த உடம்பு யாருடையதாகவும் இருக்கலாம். நம் தாத்தாவுடையதாகவும்.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு நாமும் செய்து பார்ப்பது என்று துணிந்தோம். பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. மனைவியும் தாயாரும் குழந்தையும் முருகன் கோவிலுக்குச் சென்றிருந்தனர். செல்போனை மாவு டப்பாவின்மேல் சாய்த்துவைத்து, பத்து வினாடி கழித்துப் படம் விழுமாறு அமைத்தோம். ஓடிப்போய் நாற்காலியில் அமர வேண்டும். முதல் எட்டுப் படங்களும் அடையாள அட்டைக்கு எடுத்தவை போலவே வந்தன. தோள் நிமிர்ந்து, வாய் இறுகி, கண்ணில் ஒன்றுமில்லாமல் இருந்தோம். இருபது ஆண்டு அலுவலக வாழ்வு முகத்தை எப்படிப் பூட்டிவைத்திருக்கிறது என்பது தெரிந்தது. அவ்வளவே.

அப்போதுதான் ஸ்பென்ஸ் தாயாரின் தலைத்துணியைக் கட்டிக்கொண்டது நினைவுக்கு வந்தது. டிரங்குப் பெட்டியைத் திறந்து, நமது திருமண வரவேற்பிற்குத் தைத்த கறுப்புக் கோட்டை எடுத்தோம். பித்தான் பூட்ட மறுத்தது. டையும் கட்டிக்கொண்டு, தந்தையாரின் படத்திற்கு நேர்கீழே நாற்காலியைப் போட்டு, அவர் பார்க்கும் திசையிலேயே பார்த்தவாறு அமர்ந்தோம். கை நடுங்கிற்று என்பதை ஒளிக்கவில்லை. இருபத்திரண்டு படங்கள் எடுத்தோம். இடையில் ஒருமுறை அடக்கமாட்டாமல் சிரிப்பு வந்தது. மற்றொருமுறை வந்தது சிரிப்பன்று. கோட்டைக் கழற்றி மடித்துவைத்துவிட்டு, செல்போனைப் பாராமல் கவிழ்த்துவிட்டோம்.

மூன்று நாள் கழித்தே பார்த்தோம். நாம் எதிர்பார்த்தது தந்தையாரின் சாயலை. சாயல் இருந்தது; ஆனால் அது அச்சம் தருவதாக இல்லை. கோட்டுப் போட்ட இரண்டு ஏமாளிகள் மேலும் கீழுமாக இருப்பது போன்றே தோன்றிற்று. மனைவியிடம் துணிந்து காட்டினோம். அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து, நிறுத்தி, "ஏங்க, கை ஏன் எல்லாத்துலயும் இங்கேயே இருக்கு?" என்று கேட்டார்.

உண்மையில் அதை நாம் கவனிக்கவில்லை. இருபத்திரண்டில் பதினான்கு படங்களில் நமது வலக்கை கோட்டின் இடப்பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது.

அலுவலகத்து மாடிப்படி ஏறும்போது நெஞ்சு இறுகுவதும், நின்றால் தெளிவதும் நான்கு மாதமாக உண்டு. டாக்டரிடம் சென்றதும் உண்டு. நடைப்பட்டையில் ஓடவிட்டு இதயத்தைச் சோதிக்கும் பரிசோதனைக்கு அவர் எழுதித் தந்த சீட்டு, பழைய சம்பளச் சீட்டுகளுக்கிடையே கிடந்தது. ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மெய்யாகிவிடும் என்ற எண்ணம். முகத்தைப் பூட்டிவிட்டோம், கையைப் பூட்ட மறந்துபோனோம்.

தாயாருக்குக் கேட்டுவிட்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை நெடுநேரம் பார்த்தார். "அவருக்கும் கை இப்படித்தான் போகும்பா. கேட்டா வாயு, வாயும்பாரு," என்றார். 26 ஆண்டுகளில் இதை அவர் சொல்லி நாம் கேட்டதில்லை. அந்த இரவு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். தந்தையார் சோடா வாங்கிவரச் சொல்லி நம்மை அனுப்பிய மாலை ஒன்றைப் பற்றி அவர் சொன்னார். நமக்கும் நினைவிருந்தது. அந்தச் சோடா எதற்கென்பதுதான் தெரியாதிருந்தது.

இம்முறையை மேற்கொள்ள விரும்பும் அன்பர்களுக்கு நாம் சொல்லக்கூடியது சிறிதே. தனியாகச் செய்யலாம், ஆனால் பார்ப்பதற்கு, நம்மை எள்ளி நகையாடாத ஒருவர் துணை வேண்டும். எடுத்த அன்றே பார்க்காதிருப்பது நன்று. பிள்ளைகளுக்கு விளையாட்டாகச் சொல்லிக்கொடுக்கலாம்; பள்ளியில் மொழி தெரியாமல் தவிக்கும் நம் பிள்ளைகள் எதற்கு அஞ்சுகிறார்கள் என்பது, கேட்டால் வராது; நடிக்கச் சொன்னால் வந்துவிடும். எவருக்கும் அனுப்பவேண்டியதில்லை, வாட்ஸப்பில் போடவே வேண்டாம். உறக்கம் கெட்டு, உணவு கெட்டு, உயிர்மேல் வெறுப்பு வரும் அளவுக்கு மனம் நொந்தவர்கள் காமிராவைத் தேடாமல் மருத்துவரைத் தேட வேண்டும். மேல்நாடுகளில் உளநூல் வல்லுநர்களே படங்களைத் துணைக்கொண்டு சிகிச்சை செய்கிறார்கள். கனடா நாட்டு வான்கூவரில் ஜூடி வைசர் என்னும் அம்மையார் 1982-இல் இதற்கென்றே ஒரு நிலையம் தொடங்கினார். அது பயிற்சி பெற்றோர் செய்யும் வேலை. மாவு டப்பாவின்மேல் சாய்த்துவைத்த செல்போன் அவ்வளவுக்குப் போதாது.

அடுத்த வாரம் பரிசோதனைக்குச் சென்றோம். தனியாகச் செல்கிறோம் என்றதற்கு மனைவி இசையவில்லை. பள்ளி விடுமுறையாதலால் மகளும் வந்தாள். பரிசோதனை அறைக்கு வெளியே பெஞ்சில், கையில் டோக்கனோடு, உள்ளே ஓடுவதற்காக வாங்கிய புதிய கான்வாஸ் ஷூவோடு அமர்ந்திருந்தபோது, மகளிடம் செல்போனைக் கொடுத்து, "ஒரு படம் எடும்மா" என்றோம். சிரிக்கச் சொன்னாள். சிரிப்பு வரவில்லை; அப்படியே எடுத்துவிட்டாள்.

ஒன்பது நிமிடம் ஓடினோம். இதயத்தில் இப்போதைக்குக் கோளாறில்லை என்றும், இரத்த அழுத்தமும் கொழுப்பும் மிகுதி என்றும் சொல்லி, தினம் இரண்டு மாத்திரையும் காலை நடையும் எழுதித் தந்தார்கள். ஆறு மாதம் கழித்து மீண்டும் வர வேண்டுமாம். தேதியைக் காலண்டரில் எல்லாரும் காணும்படி மனைவி குறித்துவைத்திருக்கிறார்.

பெஞ்சில் எடுத்த படத்தை மகள் ஆல்பத்தில் ஒட்டியிருக்கிறாள். கண் வெறிக்க, வாய் சற்றே திறந்து, டோக்கன் கசங்கிக் கிடக்க, அழகாக இல்லை. மன்றத்து ஞாயிறு வகுப்பில் கற்ற தமிழில் கீழே பெயரும் எழுதியிருக்கிறாள். புள்ளி வைக்க மறந்து, 'அபபா' என்று.